அடுத்த ஜனாதிபதி யார்? கழனிக்காரனும் கேட்க வேண்டிய கேள்வி



2024 நவம்பரில் அமெரிக்காவில் டிரம்ப் ஜெயித்தார். ஆம்பூர், பேரணாம்பட்டு டீக்கடைகளில் அதைப் பேசாத ஆள் இல்லை. பேசியதிலும் அர்த்தம் இருந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதம் வரி என்று அவர் போட்ட போடு, ஷூ கம்பெனிக்கு வேன் ஏறிப் போகிற நம்ம வீட்டுப் பெண்பிள்ளைகள் வரைக்கும் கவலையைக் கொண்டுவந்தது. சரி, நம்ம நாட்டுக்கே 2022 ஜூலையில் ஜனாதிபதி தேர்தல் நடந்ததே, அதை எந்த டீக்கடையில் பேசினோம்? "அது ரப்பர் ஸ்டாம்புப்பா" என்று சொல்லிவிட்டு மல்லாட்டை விலையைப் பேசப் போய்விட்டோம்.

ரப்பர் ஸ்டாம்பாகவே இருக்கட்டும். அந்த ஸ்டாம்பு எந்தக் காகிதத்தில் விழுந்தது என்று பார்ப்போம்.

நிலம் எடுப்பதற்கு 2013-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. தனியார் கம்பெனிக்கு எடுத்தால் 80 சதம் பேர், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டமானால் 70 சதம் பேர் சம்மதிக்க வேண்டும். ஊருக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆய்வு நடத்த வேண்டும். நமக்குக் கிடைத்த ஒரே கேடயம் அதுதான். தமிழ்நாட்டில் அது என்ன ஆச்சு? தொழிற்சாலைக்கு நிலம் எடுக்கும் 1997 சட்டம், நெடுஞ்சாலைக்கான 2001 சட்டம், ஆதிதிராவிடர் நலத்துக்கான 1978 சட்டம், இந்த மூன்றுக்கும் சம்மதமும் வேண்டாம், ஆய்வும் வேண்டாம் என்று மாநில அரசு 105-ஏ என்ற பிரிவைச் சொருகியது. நஷ்டஈட்டுக் கணக்கு மட்டும் புதுச் சட்டப்படி. மத்திய சட்டத்தை மீறி மாநிலம் இப்படிச் செய்ய ஜனாதிபதி கையெழுத்து கட்டாயம் வேண்டும். 2015 ஜனவரியில் பிரணாப் முகர்ஜி போட்டார். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றத்தில் மறுபடி ஒரு சட்டம் போட்டார்கள். அந்த டிசம்பரிலேயே ராம்நாத் கோவிந்த் கையெழுத்துப் போட்டாச்சு. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. முதல் கையெழுத்து காங்கிரஸ் நிறுத்தியவர் போட்டது, இரண்டாவது பா.ஜ.க. நிறுத்தியவர் போட்டது. பேனா வேறே தவிர மை ஒன்றுதான்.

நில மசோதாவுக்கு ஐந்தே மாதம். நம்ம பிள்ளைகள் டாக்டர் படிக்க நீட் விலக்கு மசோதா 2022 பிப்ரவரியில் இரண்டாவது முறை நிறைவேறிப் போனதே, அது மறுக்கப்பட்டது என்ற சேதி 2025 ஏப்ரலில்தான் வந்தது. இதற்கெல்லாம் கெடு வைக்கலாமா என்று கேட்டதற்கு, ஜனாதிபதிக்குக் கெடு விதிக்க முடியாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லிவிட்டது.

மந்திரிசபை சொன்னபடிதானே அவர் நடக்கணும் என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு தடவை திருப்பி அனுப்பி, மறுபடி யோசியுங்கள் என்று சொல்ல அரசியல் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1986-ல் நிறைவேறிய தபால் மசோதாவில் ஜெயில் சிங் கடைசி வரை கையெழுத்துப் போடவில்லை. 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டும் கோவிந்த் 27-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை கையெழுத்திட்டார். அப்புறம் டெல்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் வெயிலிலும் குளிரிலும் கிடந்த பிறகு, 2021 நவம்பர் கடைசியில் அதே கை ரத்து மசோதாவிலும் கையெழுத்திட்டது.

2022-ல் திரவுபதி முர்மு ஜெயித்தபோது நாம் ஒன்றை எதிர்பார்த்தோம். சந்தால் பழங்குடிப் பெண்மணி என்பதற்காக மட்டும் இல்லை. ஜார்க்கண்டில் கவர்னராக இருந்தபோது, பழங்குடி நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்புகிற இரண்டு மசோதாக்களை 2017-ல் திருப்பி அனுப்பியவர் அவர். சொந்தக் கட்சி அரசாங்கம் கொண்டுவந்த மசோதாக்கள்! அதே அம்மா 2023-ல் வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்திலும், 2025 டிசம்பரில் 100 நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு வந்த புதுச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். ராஞ்சியில் இருந்த துணிவு டெல்லியில் காணோம் என்பதே நம் அபிப்பிராயம்.

இனி 2027 ஜூலை. யார் வருவார்? 2025 செப்டம்பரில் துணை ஜனாதிபதி தேர்தலில் திருப்பூர் சி.பி.ராதாகிருஷ்ணன் 452 ஓட்டு வாங்கி ஜெயித்தார். எதிர்த்து நின்ற முன்னாள் நீதிபதி சுதர்சன் ரெட்டிக்கு 300. அன்றைக்கே "அடுத்த ஜனாதிபதி தமிழர்" என்று சிலர் ஆரம்பித்துவிட்டார்கள். அவசரப்படத் தேவையில்லை. நம்ம வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், பிறகு வி.வி.கிரி, ஆர்.வெங்கட்ராமன் எல்லாம் துணையாக இருந்து மேலே போனவர்கள்தான். ஆனால் 1997-ல் கே.ஆர்.நாராயணனுக்குப் பிறகு ஒரு துணை ஜனாதிபதியும் அந்த நாற்காலிக்குப் போகவில்லை. பிரதிபா பாட்டீல், கோவிந்த், முர்மு மூவரும் கவர்னராக இருந்தவர்கள். ஆகவே ராஜ்பவன்களைப் பாருங்கள் என்போம். அந்தக் கணக்குக்கும் ராதாகிருஷ்ணன் பொருந்துவார், அவரும் கவர்னராக இருந்தவரே. முர்முவே மறுபடி வரலாமா? ராஜேந்திர பிரசாத்துக்குப் பிறகு யாருக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்ததில்லை.

தமிழர், விவசாயி மகன் என்ற பட்டத்துக்கெல்லாம் மயங்க வேண்டாம். 'விவசாயி மகன்' என்று சொல்லியே 2022-ல் ஜக்தீப் தன்கரைத் துணை ஜனாதிபதி ஆக்கினார்கள். 2024 டிசம்பரில் விவசாய மந்திரியை மேடையில் வைத்துக்கொண்டே, விவசாயிக்குக் கொடுத்த வாக்குறுதி என்னாச்சு என்று கேட்டார். மனசார மெச்சினோம். 2025 ஜூலையில் உடல்நிலை என்று சொல்லிப் பதவியை விட்டுப் போய்விட்டார்.

நமக்கு நேரடி ஓட்டு இல்லை. வேட்பாளராக நிற்கவே 50 பேர் முன்மொழிந்து 50 பேர் வழிமொழிய வேண்டும், அந்த நூறு பேரும் எம்.பி., எம்.எல்.ஏ.வாக இருக்க வேண்டும். ஆனால் நம்ம எம்.எல்.ஏ. ஓட்டு ஒன்றுக்கு மதிப்பு 176. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் 13 தொகுதி, மொத்தம் 2,288. தமிழ்நாடு முழுக்க 41,184. முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்கா 3,80,177 என்ற கணக்கில் அது சிறுசுதான். இருந்தாலும் இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது, ஓட்டு ரகசியம். "கட்சி சொல்லிச்சு, போட்டேன்" என்று எந்த எம்.எல்.ஏ.வும் நம்மிடம் தப்பிக்க முடியாது.

பாலாற்றங்கரையில் நமக்குத் தெரியும். தோல் கழிவால் கெட்ட நிலத்துக்கும் கிணற்றுக்கும் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. 2025 ஜனவரியில் அதே கோர்ட் மறுபடி நஷ்டஈடு கொடு, ஆற்றைச் சுத்தம் செய் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கெட்டுப்போன பிறகு கோர்ட்டுக்குப் போனால் 29 வருஷம். மசோதா மேசையில் இருக்கும்போதே கேட்பதுதான் செலவு குறைவு.

2022-ல் வேட்பாளர் பெயர் அறிவித்தது ஜூன் 21, முடிவு வந்தது ஜூலை 21. ஒரே மாதம். அப்போது யோசிக்க நேரம் இருக்காது, இப்போதே ஆரம்பிக்க வேண்டும். அடுத்த கிராம சபையில், நிலம் எடுக்க ஊர்ச் சம்மதத்தை நீக்கும் எந்த மசோதாவுக்கும் ஒப்புதல் தராதவரையே ஆதரிக்கக் கோரி நம் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். வாசகம் சங்கக் கிளைச் செயலாளர்களிடம் இருக்கிறது. தீர்மானத்தைப் பதிவேட்டில் முழுசாக எழுதி, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளை நீட்டினால் பேனாவை எடுக்க வேண்டாம்.