அணையைப் பற்றி அறிவது எமது உரிமை

1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. உறக்கத்திலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அது மண்ணாலான கட்டு. உள்ளே கசியும் நீர் மண்ணைச் சிறிது சிறிதாக அரிப்பதே மண் கட்டுகளுக்குப் பெரும் பகை. தெளிந்த கசிவு எந்த அணையிலும் உண்டு. அது கலங்கி வந்தாலோ, அளவு கூடினாலோ ஆபத்து.

1985இல் திறக்கப்பட்ட எமது கொத்மலை அணை 87 மீற்றர் உயரமான பாறைக்கல் அணை. நீர்ப்புறம் கொங்கிறீட் போர்த்தியது. கந்தளாயின் கதை அப்படியே இதற்குப் பொருந்தாது. ஆயினும் கசிவை அளப்பது இங்கும் ஓயக்கூடாத வேலை.

மின்சாரத்துக்கும் மகாவலி வயல்களுக்கும் நீர்த்தேக்கம் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்கவோ அதில் வெற்றிடம் வேண்டும். ஆகவே வான்கதவுகளை எப்போது திறப்பது என்பது ஆற்றோரத்தில் வாழ்வோரின் உயிர்ப் பிரச்சினை.

கொத்மலைக்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் வீட்டையும் வயலையும் இழந்தன. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இவர்களுக்கு நட்டஈட்டோடு கடன் தீர்ந்துவிடவில்லை.

அணைப் பரிசோதனையின் முடிவுகளை ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கவேண்டும். கதவு திறக்குமுன் எச்சரிக்கை தோட்ட லயன்கள்வரை எட்டவேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே தப்பும் வழியைச் சிறுவரும் முதியோரும் நடந்து பழகவேண்டும். இவற்றை எமது கிராமச் சங்கங்களும் தோட்டக் குழுக்களும் ஒன்றாகக் கூடிப் பிரதேச செயலகத்தில் கேட்கட்டும்.

நாட்டுக்கு வெளிச்சம் கிடைக்க நிலத்தைக் கொடுத்தோம். அச்சமின்றி உறங்கும் உரிமையை நாம் கொடுத்துவிடவில்லை.