வட்டத்துக்குள் ஓடும் வண்டி!

ஓடுகிறது இரயில்! தெருவிலே அல்ல, தெருவுக்கு மேலே, தூண்களின் தோள்மீது ஓடுகிறது. ஓட்டுநர் இல்லை, கொடி அசைக்க ஆள் இல்லை. கணிப்பொறி கட்டளையிடுகிறது, கதவு திறக்கிறது, மூடுகிறது, வண்டி நகர்கிறது. ஊர் எது? அமெரிக்க நாட்டு டெட்ராய்ட். உலகத்துக்கு மோட்டார் கார் செய்து கொடுத்த தொழிலாளர் நகரம். பாதையின் நீளம்? 4.7 கிலோ மீட்டர். நிலையங்கள்? 13. ஏறி அமர்ந்தால் கால் மணி நேரத்திலே அது நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம்? ஏறிய அதே இடம்!

சிரிப்பு வருகிறது அல்லவா? சிரித்துவிட்டுப் போக நாம் இதை எழுதவில்லை. அந்த வட்டத்துக்குள்ளே ஒரு பெரு நகரத்தின் பாட்டாளி மக்கள் ஏமாற்றப்பட்ட கதை அடங்கிக் கிடக்கிறது. 'பீப்பிள் மூவர்' என்று அந்த வண்டிக்குப் பெயர். மக்களை நகர்த்துவது என்று பொருள். எந்த மக்களை? எங்கிருந்து எங்கே? இந்த இரண்டு கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நாம் டெட்ராய்ட்டின் தெருக்களிலே நுழைய வேண்டும்.

1913-ஆம் ஆண்டு, ஹென்றி போர்டு தமது ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையிலே நகரும் வரிசையை அமைத்தார். தொழிலாளி நின்ற இடத்திலே நிற்க, வேலை அவனைத் தேடி நகர்ந்து வந்தது. மறு ஆண்டு, நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் என்று அறிவித்தார். ஐந்து டாலரைத் தேடி நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்தனர். தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலே முதுகு ஒடிந்த நீக்ரோ மக்களும், வாழ வழி தேடி, அந்த நகரத்துக்கு வந்து குவிந்தனர். 1950-இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 இலட்சத்து 49 ஆயிரம்.

அந்நாளிலே அந்த ஊரில் டிராம் ஓடிற்று. தொழிலாளி விடிகாலையில் டிராமிலேறி ஆலைக்குப் போவான். மாலையில் டிராமிலேறி வீடு திரும்புவான். 1956 ஏப்ரலில் கடைசி டிராம் ஓடி முடிந்தது. தண்டவாளம் கண்ட தெருவெல்லாம் காருக்கு ஆயிற்று. பழுது பட்டு ஒழிந்த வண்டிகளா அவை? இல்லை! நல்ல நிலையில் இருந்த வண்டிகளை மெக்சிகோ நகரத்துக்கு விற்றார்கள். அங்கே அவை ஓடின. இங்கே தொழிலாளி பேருந்துக்குக் காத்து நின்றான்.

டிராம் போயிற்று, நெடுஞ்சாலை வந்தது. எந்த வழியாக வந்தது தெரியுமா? சீமான்களின் தோட்டத்து வழியாக அல்ல. நீக்ரோ மக்கள் கடையும் கண்ணியுமாக வாழ்ந்த ஹேஸ்டிங்ஸ் தெருவைப் பெயர்த்தெறிந்துவிட்டு வந்தது. அந்தச் சாலை ஏறி, கார் வைத்திருந்த வெள்ளையர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களோடு கடைகள் போயின, ஆலைகளும் போயின. கார் இல்லாதவன் நகரத்திலே நின்றான். அவனுக்குரிய வேலையோ புறநகருக்குப் போய்விட்டது! எட்டாவது மைல் சாலை என்று ஒரு சாலை; அதற்கு இப்புறம் கறுப்பு, அப்புறம் வெள்ளை என்று ஊரே பேசும் எல்லைக்கோடு ஆகிவிட்டது அது. 1967 ஜூலையில் நகரம் தீப்பற்றி எரிந்தது. 43 பேர் மாண்டனர். அதன் பிறகு ஓட்டம் இன்னும் வேகமாயிற்று.

இந்த நிலையிலே டெட்ராய்ட்டுக்குத் தேவைப்பட்டது என்ன? குடியிருப்பையும் வேலையையும் சேர்க்கும் பாதை! நகரத்தையும் புறநகரையும் தைக்கும் ஊசி! அதை அந்நாட்டு ஆட்சியாளர் அறியாதவர் அல்லர். 1976-இல் குடியரசுத் தலைவர் போர்டு — கார் முதலாளி அல்லர், ஜெரால்டு போர்டு — 60 கோடி டாலர் தருவதாக வாக்களித்தார். நகர மையத்திலிருந்து புறநகர்களுக்கு விரைவு இரயில்; மையத்துக்கு வந்து இறங்குவோரை அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுபோய் விட ஒரு சிறு வட்டம். இதுதான் திட்டம். வட்டம் என்பது வாய்க்கால். விரைவு இரயில்தான் ஆறு.

நடந்தது என்ன? நகரத்துத் தலைவர்கள் சுரங்க வழி வேண்டும் என்றனர். புறநகர்த் தலைவர்கள் அவ்வளவு செலவு ஏன் என்றனர். ஆண்டுகள் உருண்டன. மேடையில் பேசப்பட்டது செலவுக் கணக்கு. மேடைக்குப் பின்னே முணுமுணுக்கப்பட்டது வேறு கணக்கு. இரயில் வந்தால் நகரத்து மக்கள் நம் ஊருக்குள் வந்துவிடுவார்களே என்ற அச்சம்! நிறவெறி வெளிப்படையாகப் பேசாது. வரவு செலவுத் திட்டத்தின் மொழியிலே பேசும். 1981-இல் ரேகன் ஆட்சி வந்தது. புதிய இரயில் பாதைகளுக்குப் பணம் தருவதில் கையை இறுக்கிக்கொண்டது. விரைவு இரயில் ஏட்டிலேயே நின்றது. கட்டப்பட்டது வட்டம் மட்டும். ஆற்றை வெட்டாமல் வாய்க்காலை வெட்டினார்கள், தோழர்களே! வாய்க்காலிலே நீர் எங்கிருந்து வரும்?

அந்த வாய்க்காலையாவது ஒழுங்காக வெட்டினார்களா? செலவு மதிப்பீட்டைத் தாண்டி ஏறிற்று. வட்டார நிறுவனம் திணற, 1985-இல் நகராட்சியே வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. முடிந்தபோது செலவு ஏறத்தாழ 20 கோடி டாலர். 1987 ஜூலை 31-ஆம் நாள் வண்டி ஓடத் தொடங்கிற்று. நாளொன்றுக்கு 67,000 பேருக்கு மேல் ஏறுவர் என்று திட்டக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தனர். தொடக்க ஆண்டுகளில் ஏறியவர்கள் சுமார் 11,000 பேர். ஆறு பேருக்கு இலை போட்டார்கள். ஒருவர் வந்து உட்கார்ந்தார்!

ஒரே தண்டவாளப் பாதை, ஒரே திசை. கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையிலே இருபத்தொரு ஆண்டு சுற்றிற்று. 2008-இல் திசையை மாற்றிக் கடிகாரத் திசையிலே சுற்ற விட்டார்கள். அப்போதும் வந்து சேர்ந்த இடம் அதே இடந்தான்! செக்கு மாட்டை இடம் சுற்ற விட்டாலும் வலம் சுற்ற விட்டாலும் அது களத்தைத் தாண்டுமா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நாம் இயந்திரத்தைப் பழிப்பவர்கள் அல்ல. ஆளில்லாமல் ஓடுவதால் அது கெட்ட வண்டி என்று கூறும் மடமை நமக்கில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த தகடும் பெட்டியின் அடியிலுள்ள மின் சுருளும் ஒன்றையொன்று காந்த விசையால் தள்ள, வண்டி முன்னேறுகிறது. அறிவின் அருமையான விளைச்சல் அது. ஓட்டுநர் இல்லையே தவிர, உழைப்பாளி இல்லை என்று யார் சொன்னது? கட்டுப்பாட்டு அறையிலே கண் இமைக்காமல் இருப்பவன் உழைப்பாளி. நள்ளிரவில் தண்டவாளம் பார்ப்பவன் உழைப்பாளி. நிலையங்களின் சுவர்களிலே ஓடுகளால் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள் கலைஞர்கள். கண்கொள்ளாக் காட்சி என்கின்றனர் கண்டவர்கள். குறை இயந்திரத்திலே இல்லை, கலைஞர்களிடத்திலும் இல்லை.

சான்று வேண்டுமா? இதோ, கனடா நாட்டு வான்கூவர் நகரம். டெட்ராய்ட்டுக்கு வண்டி செய்து கொடுத்த அதே கனடிய நிறுவனத்தின் அதே வகை வண்டி. அதே காந்த விசை. அங்கும் ஓட்டுநர் இல்லை. 1986 சனவரியில் கட்டணப் பயணிகளை ஏற்றத் தொடங்கிற்று. ஆனால் அவர்கள் வட்டம் போடவில்லை, கோடு போட்டார்கள்! நகர மையத்திலிருந்து நியூ வெஸ்ட்மின்ஸ்டர் வரை 21 கிலோ மீட்டர், மக்கள் குடியிருக்கும் பகுதிகளின் ஊடே. 1990-இல் பிரேசர் ஆற்றைக் கடந்தது. பின்னர் மேலும் நீண்டது. புதிய பாதைகள் கிளைத்தன. இன்று அந்த நகரம் ஓட்டுநரில்லா இரயிலை நம்பியே காலையில் எழுகிறது. அதே வண்டி அங்கே வாழ்வு, இங்கே விளையாட்டுப் பொம்மை! மாறுபட்டது என்ன? பாதை. பாதையைத் தீர்மானித்தது எது? பொறியியல் அல்ல, அரசியல்!

மியாமி நகரத்திலும் 1986-இல் இப்படி ஒரு சிறு வட்டம் தொடங்கினார்கள். அங்கே அதைப் பெரிய இரயில் பாதையோடு இணைத்திருந்தார்கள். 1994-இல் இரு பக்கமும் நீட்டினார்கள். 2002 முதல் கட்டணமே வேண்டாம் என்று திறந்துவிட்டார்கள். ஆற்றோடு சேர்ந்த வாய்க்கால் அது. ஆகவே நீர் வற்றவில்லை.

இனி நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய சூழ்ச்சிக்கு வருவோம். டெட்ராய்ட் வட்டத்திலே கூட்டம் இல்லை என்றதும் சிலர் என்ன பேசினர்? "பார்த்தீர்களா! இரயில் இரயில் என்று கூச்சல் போட்டீர்களே, காலிப் பெட்டி சுற்றுகிறது பாருங்கள்! இந்த ஊருக்கு இரயில் ஒத்துவராது" என்றனர். எத்தனை திறமை! காலை வெட்டிவிட்டு, இவனுக்கு நடக்கத் தெரியவில்லை என்பது போன்ற வாதம் அல்லவா இது? முழுத் திட்டத்தைக் கொன்றவர்கள், குறைத் திட்டத்தின் பிணத்தைக் காட்டி, முழுத் திட்டத்துக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைத்தார்கள்! அரைகுறைத் திட்டம் பாதி நன்மை தரும் என்று எண்ணுவோர் உண்டு. இல்லை. அரைகுறைத் திட்டம் நாளைய நல்ல திட்டத்துக்கு இன்றே வைக்கப்படும் வேட்டு!

அந்த வேட்டு வெடித்ததா? கேளுங்கள். புறநகர் ஊர்கள் பேருந்து வரியிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று 1990-களில் வழி செய்தார்கள். பல ஊர்கள் விலகிக்கொண்டன. பேருந்து எல்லையோடு நின்றது. வேலைக்குப் போனவன் இறங்கி நடந்தான். 2016 நவம்பரில் நான்கு மாவட்டங்களையும் இணைக்கும் போக்குவரத்துத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 18,000 வாக்குகளிலே தோற்றது. இலட்சக்கணக்கானோர் வாக்களித்த தேர்தலில் அது மயிரிழை! மறு ஆண்டு உட்வர்டு சாலையிலே புதிய டிராம் ஓடிற்று. பெரும்பகுதிப் பணம் தனியார் தந்தது. நீளம் 5 கிலோ மீட்டருக்குச் சற்றே அதிகம். 1956-க்குள் ஊரெங்கும் ஓடியதை ஒழித்தவர்கள், 2017-இல் ஒரு முழத் துண்டைக் கொண்டுவந்து பந்தல் போட்டு விழா எடுத்தார்கள்! அதற்கிடையே 2013-இல் நகராட்சி நொடித்தது. 18 இலட்சமாயிருந்த மக்கள்தொகை 2020-இல் 6 இலட்சத்து 39 ஆயிரமாகத் தேய்ந்தது.

2020 மார்ச்சு மாதம், பெருந்தொற்று வந்தது. வட்டத்து இரயில் நின்றது. 2022 மே மாதம் வரை ஓடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல்! அது ஓடவில்லையே என்று எந்த ஆலைச் சங்கு ஊதாமல் நின்றது? ஆனால் அதே மார்ச்சு 17-ஆம் நாள் டெட்ராய்ட் பேருந்து ஓட்டுநர்கள், "எங்கள் உயிருக்குப் பாதுகாப்பு எங்கே?" என்று கேட்டு வண்டியை எடுக்க மறுத்தனர். ஒரே நாள்! நகராட்சி இறங்கி வந்தது. வண்டியைத் துப்புரவு செய்ய ஒப்பியது. பயணிகள் பின் கதவால் ஏறலாம், கட்டணம் வேண்டாம் என்றது. நகரத்தின் உயிர்நாடி எங்கே ஓடுகிறது என்பதைத் தொழிலாளிகள் ஒரு நாளிலே உணர்த்திவிட்டனர். தூண்மேல் அல்ல, தெருவில்!

2024 சனவரியில் வட்டத்து இரயிலுக்குக் கட்டணத்தை நீக்கினார்கள், ஏறுவோர் கூடினர், நல்லது, வரவேற்கிறோம். டொராண்டோ நகரம் 2023-இல் மூடிய பாதையின் பழைய பெட்டிகளை டெட்ராய்ட் வாங்கியிருக்கிறது, ஓடட்டும். உடைத்தெறியுங்கள் என்று நாம் கூறமாட்டோம். ஏழை வரிப்பணத்தில் எழுந்த தூண்கள் அவை. அவற்றை ஆற்றோடு சேருங்கள் என்றுதான் கூறுகிறோம். வட்டத்திலிருந்து ஒரு கோடு புறப்படட்டும். எட்டாவது மைல் சாலையைத் தாண்டட்டும். தாண்டுகிற அன்றைக்கு அந்த வண்டி தன் பெயருக்குத் தகுதி பெறும்.

நமக்கு இதிலே பாடம் உண்டு. எந்த நகரத்திலும், எந்த ஆட்சியும், பளபளக்கும் சிறு வண்டியைக் காட்டி இதுதான் முன்னேற்றம் என்னும்போது, வண்டியின் அழகைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம். வரைபடத்தைக் கேளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கையில் சோற்றுத் தூக்கோடு நிற்பவனின் வீடு அதிலே இருக்கிறதா என்று பாருங்கள். அவன் போக வேண்டிய ஆலை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் வாழ்த்துங்கள். இல்லையென்றால், முழுப் பாதை எங்கே என்று உரத்த குரலில் கேளுங்கள். திறப்பு விழா முடிந்த பிறகு அல்ல, கால்கோள் நாளிலேயே கேளுங்கள்!