நாணலை நாடிய நங்கை

கற்றல் என்பது யாது? ஒரு பொருளின் பெயரை மனனம் செய்தலோ, அன்றி அப்பொருளையே கண்டு தெளிதலோ? இவ்வினா சென்ற கோடை விடுமுறையில் என்னைப் பெரிதும் வருத்தியது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களின் பெயர்களையும் தடையின்றி ஒப்புவிக்க வல்லேன் என்னும் செருக்குடன், மோகனூருக்கு அணித்தாகிய எம் சிற்றூர் சென்றிருந்தேன். காவிரிக் கரையில் என்னுடன் நடந்து வந்த என் அம்மாயி, "இத்தனை பூப் பேரு படிச்சிருக்கியே கண்ணு, இங்க எது எதுன்னு காட்டு பாக்கலாம்" என்றார். நான்கைந்துக்கு மேல் காட்ட இயலாது தலை குனிந்தேன். எழுத்தறியாத அவரோ, களையென்று நான் மிதித்துச் சென்ற செடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஆடு மேய்வது இது, மேயாதது இது, மழைக்குப் பின்னரே தலை காட்டுவது இது எனப் பிரித்துரைத்தார்.

அந்நாணம் தணியுமுன்னரே, டாக்டர் ஜானகி அம்மாளின் வரலாறு எனக்குப் படிக்கக் கிடைத்தது. என் ஐயத்திற்கு அவ்வம்மையாரின் வாழ்க்கையே விடை பகர்ந்தது.

அவர் 1897-ஆம் ஆண்டில் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியிற் பயின்று, மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவர இயலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்னர் நம் கல்லூரியைப் போன்றே மிஷன் தொண்டினால் எழுந்த சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். மணம் புரிந்து இல்லத்தமர்தலே பெண்ணுக்கு முடிவு என்று உலகம் எண்ணிய காலம் அது. அவரோ இறுதிவரை மணவாழ்வை மேற்கொள்ளாது, பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931-இல் டாக்டர் பட்டமும் எய்தினார்.

நிற்க. 1934-இல் அவர் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அமர்ந்தார். சேலம், நாமக்கல் பகுதியில் வாழும் நாம் ஊன்றி நோக்க வேண்டியது இப்பகுதியே. பருத்து இனிக்கும் கரும்புக்குச் சாறு மிகுதி. ஆயினும் நோய்க்கும் கடுங்காலத்திற்கும் அது எளிதில் இளைக்கும். ஆற்றங்கரை நாணலுக்கு இனிப்பு அரிது, வன்மை பெரிது. இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்த புற்களே. 1912-இல் தோன்றிய அந்நிலையத்தில் பார்பர், வேங்கடராமன் முதலியோர் இவ்விரண்டையும் மணம் புணர்த்திப் புதுக் கரும்பு வகைகளைப் படைத்தனர். அவற்றின் பெயரில் முன் நிற்கும் 'கோ' என்பது கோயம்புத்தூரையே குறிக்கும். தமிழ்நாட்டு உழவர் பெரிதும் விரும்பி நட்டுவந்த 'கோ 86032' என்பதும் அவ்வழித் தோன்றலே.

இக்கலப்பின் உள்ளியல்பை உயிரணுவினுள் புகுந்து ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். மரபைத் தாங்கும் நுண்ணிழைகளாகிய குரோமோசோம்களை அவர் எண்ணிக் கணக்கிட்டார். கரும்பை மக்காச்சோளத்தோடும் இணைத்துப் பார்த்தார். நாம் நாணல் என்று ஒரே பெயரால் சுட்டும் புல்லும் எல்லாவிடத்தும் ஒரு தன்மையதன்று. அதன் குரோமோசோம் எண்ணிக்கை 40 முதல் 128 வரை இடத்துக்கு இடம் வேறுபடும். எனவே ஓரூர் நாணலைக் கண்டவன் நாணலைக் கண்டவனாகான். பலவூர் நாணலையும் கொணர்ந்து ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது. பெயர் ஒன்று, பொருள் பல. செடி சேகரித்தல் பொழுதுபோக்கன்று, அறிவின் அடிப்படை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கரும்பின் மேம்பாடு அவர் ஒருவரால் வந்ததென்று நான் கூறவில்லை. பலர் கூடி இழுத்த தேர் அது. ஆயினும் ஆலைக்கொட்டகையில் கொதிக்கும் பாகின் மணத்திலேயே வளர்ந்த நம் வட்டாரத்துப் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் இப்பெயரைக் கேட்டிருக்கின்றனர்? தனித்து வாழும் பெண் என்பதாலும், தாழ்ந்ததென்று கருதப்பட்ட குலத்தில் தோன்றியவர் என்பதாலும் உடன் பணியாற்றுவோரிடையே அவருக்கு இடர்கள் நேர்ந்தன என்பர். மறத்தல் அவ்விடரின் தொடர்ச்சியேயன்றி வேறன்று.

1940 முதல் இங்கிலாந்தில், போரின் குண்டு வீச்சுக்கிடையேயும் அவர் ஆராய்ச்சியை விட்டிலர். டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் பட்டியல் நூலை 1945-இல் வெளியிட்டார். நம் சண்பகத்தின் உறவாகிய மக்னோலியா வகையொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி மலர்கின்றது. 1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் மீண்டு, இந்தியத் தாவர ஆய்வுத்துறையைச் சீரமைக்க உழைத்தார். நமக்கு அண்மையில் ஏற்காட்டில் ஆர்க்கிட் செடிகளைப் பேணும் பூங்கா அத்துறையினுடையதே. எண்பது வயதைக் கடந்தும், அணை கட்டி அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டை மூழ்குவிக்கும் திட்டத்தை எதிர்த்து நின்றார். 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

'இவை அறிவியல் மாணாக்கர்க்கு உரியவை. தமிழ் கற்பார்க்கு இவற்றால் ஆவதென்?' எனச் சிலர் வினவுவர். திணைக்கு மலரின் பெயரையே இட்டு வழங்கிய மொழி நம்முடையது. முல்லையையும் நெய்தலையும் உரையாசிரியரின் சொல்லில் மட்டும் கண்டு, கண்ணாற் காணாதவன் அவ்விலக்கியத்தைப் பாதியே கற்றவன். 'காடும் மேடும் திரிதல் மகளிர்க்கு ஏலாது' என்பாரும் உளர். விறகுக்கும் கீரைக்கும் மருந்துக்கும் நெடுங்காலமாய்க் காடு மேடு திரிந்தவர் நம் தாய்மாரே அல்லரோ? திரிதலை ஒப்புக்கொண்ட நாம் அதனால் அவர் பெற்ற அறிவை மட்டும் அறிவென ஒப்புக்கொள்ளாதது எவ்வகை நியாயம்? 1955-இல் பிரின்ஸ்டன் நகரில் கூடிய உலக அறிஞர் அவையில் அழைக்கப்பெற்ற ஒரே பெண்ணாகிய ஜானகி அம்மாள் பேசிய பொருளும், நம் எளிய மக்கள் நிலத்தை நம்பி நடத்தும் வாழ்க்கை முறையைப் பற்றியதே.

ஆதலின் நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறை முடிந்து திரும்பும் மாணவர், மாணவியர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலிருந்து ஒரு செடியைத் தாளிடை அழுத்தி உலர்த்திக் கொணர்க. அதன் வழக்குப் பெயரையும், கிடைத்த இடத்தையும், பெயர் சொன்ன முதியோர் யாரென்பதையும் உடன் எழுதுக. தாவர இயல் மாணவர் அதன் அறிவியற் பெயரைக் கண்டு சேர்க்கட்டும். தமிழ் மாணவர் அது இலக்கியத்தில் ஆளப்பட்ட இடத்தைத் தேடிச் சேர்க்கட்டும். பெரும்பொருள் வேண்டா, பழந்தாளும் சிறிது பொறுமையும் போதும்.

காலம் தாழ்த்தலாகாது. என் அம்மாயிக்கு வயது எழுபத்தொன்பது. அவர் அறிந்த செடிகளுள் பதினேழை மட்டுமே இதுவரை எழுதிக்கொண்டுள்ளேன்.