சின்ன பாய்லர்னா சும்மாவா?

ஸ்டீம் படகு கட்டணும்னு கிளம்புற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஒரே வியாதி. எஞ்சினைப் பத்தி விடிய விடிய பேசுவாங்க. சிலிண்டர் எத்தனை, பிளைவீல் எவ்வளவு கனம், விசில் எந்த சுதியில ஊதணும்.. எல்லாத்துக்கும் அபிப்பிராயம் உண்டு. "அண்ணாச்சி, ஃபீட் பம்ப் என்ன போடப் போறீங்க?"ன்னு கேட்டா மட்டும் ஒரு அசட்டுச் சிரிப்பு. "அது கிடக்கு, கடைசியில பாத்துக்கலாம்."

கடைசியில பாக்குற சாமான் இல்லங்க அது. முதல்ல பாக்க வேண்டியது. அந்தச் சண்டையைப் போடத்தான் இந்தப் பதிவு.

(கந்தக பூமியில படகா, தண்ணிக்கு எங்க போவேன்னு சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிடுங்க. எங்க விருதுநகர் மாவட்டத்துலயும் பிளவக்கல், வெம்பக்கோட்டை, இருக்கன்குடின்னு அணைகள் இருக்கு. மழை பெஞ்சா தண்ணியும் இருக்கும் :-))

ஃபீட் பம்ப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பாய்லருக்குள்ள ஆவி அழுத்தமா நிக்குது. தண்ணி குறையக் குறைய புதுத் தண்ணி உள்ள போகணும். மூடியைத் திறந்து ஊத்த முடியாது. அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளி உள்ள அனுப்புறதுதான் ஃபீட் பம்ப்.

சரி, கணக்குக்கு வருவோம். ரெண்டு பேர் உக்கார்ற படகு. 40 மில்லிமீட்டர் போர், 40 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ரெண்டு பக்கமும் ஆவி தள்ளுற ஒத்தை சிலிண்டர். சுத்துக்கு 100 சிசி ஆவி. சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தத்துல ஒரு லிட்டர் ஆவியோட எடை ரெண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேல. நிமிஷத்துக்கு 300 சுத்துன்னா நிமிஷத்துக்கு 80 மில்லி தண்ணி காலி. பாய்லர்ல 6 லிட்டர் இருந்தாலும் கேஜ் கண்ணாடியோட மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவுல இருக்கறது ஒரு லிட்டர்தான்னு வைங்க. பன்னெண்டு நிமிஷம். கரையை விட்டுக் கிளம்பி, போட்டோ எடுத்து, அணை நடுவுல போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணி கண்ணாடிக்குக் கீழே போயிடும்.

அதுக்கப்புறம்? தண்ணி மூடாத தகடு தீயில காயும். காய்ஞ்ச உலோகம் வலு இழக்கும். அந்த நேரத்துல பதறிப் போய்ப் பச்சைத் தண்ணியை அடிச்சீங்கன்னா கதை முடிஞ்சது. கண்ணாடியில தண்ணி தெரியலன்னா பம்பைத் தொடாதே, முதல்ல தீயை எடு. பாய்லர் பக்கத்துல நிக்கிற எவனுக்கும் இதுதான் முதல் பாடம்.

இப்ப எதிர்க்கட்சி வாதங்கள்.

"25 லிட்டருக்குக் கீழே இருந்தா அது பாய்லரே இல்லைன்னு சட்டமே சொல்லுதே!" சொல்லுது. 1923 சட்டத்துக்குப் பதிலா 2025-ல் வந்த புதுச் சட்டத்திலும் 25 லிட்டருக்குக் குறைஞ்சது கணக்குல வராது. ஆனா அதுக்கு அர்த்தம் இன்ஸ்பெக்டர் வந்து பாக்க மாட்டார்ங்கறது மட்டும்தான். தண்ணிக்குச் சட்டம் படிக்கத் தெரியாது. 4 கிலோ அழுத்தத்துல உள்ள இருக்குற தண்ணியோட சூடு 150 டிகிரி. பாய்லர் கிழிஞ்சா அந்த நிமிஷமே அதுல பத்துல ஒரு பங்கு ஆவியாயிடும். 5 லிட்டர் தண்ணியில இருந்து 700 லிட்டருக்கு மேல ஆவி, ஒரே நொடியில, உங்க முழங்காலுக்குப் பக்கத்துல. இன்ஸ்பெக்டர் வராத இடத்துல நாமதான் இன்ஸ்பெக்டர்.

"சின்னதுதானே"ங்கற வார்த்தையோட விலை என்னன்னு எங்க ஊர்க்காரனுக்குத் தெரியணும். சின்ன ரூம்தானே, ரெண்டு ஆள் கூட உக்காந்தா என்ன? கொஞ்சம் மருந்துதானே, மரத்தடியில வச்சுச் செஞ்சா என்ன? 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில 35 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுல நிறையப் பேர் அங்க வேலை பாத்தவங்க கூட இல்லை, முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்த அக்கம்பக்கத்து ஜனங்க. இதைப் பாத்த ஊர்ல பொறந்துட்டு, பொழுதுபோக்குக்கு ஒரு பாய்லர் செய்யறவன் "சின்னதுதானே"ன்னு சொன்னா எனக்குக் கோவம் வரும். வரத்தான் செய்யும்.

அடுத்த வாதம்: "ஆர்.ஓ. மிஷின்ல வர்ற பூஸ்டர் பம்பை பேட்டரியில மாட்டிடுவேன்." அழுத்தம் வரும், ஒத்துக்கறேன். ஆனா அது பச்சைத் தண்ணிக்குச் செஞ்ச ரப்பரும் பிளாஸ்டிக்கும். ஒரு என்ஆர்வி ஒழுகி 150 டிகிரி தண்ணி பின்னால வந்தா என்ன ஆகும்? பேட்டரி இறங்கிட்டா என்ன ஆகும்? உபரியா ஒண்ணு வச்சுக்கோங்க. அதை மட்டும் நம்பி உயிரை வைக்காதீங்க.

"எஞ்சினோட ஒரு பம்ப் சேத்துட்டா போதும்ல?" பாதி சரி. எஞ்சின் நின்னா பம்பும் நிக்கும், தீ மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். இது புதுப் பிரச்சினை இல்லை. அமெரிக்காவுல ஹென்றி வொர்திங்டன் ஸ்டீம் வச்சுக் கால்வாய்ப் படகு ஓட்டிப் பாத்தப்போ இதேதான் நடந்தது. மதகு திறக்கறதுக்காகப் படகு நிக்கும்போதெல்லாம் கையால தண்ணி அடிக்க வேண்டியிருந்தது. அதுக்குத் தீர்வாத்தான் 1840-ல், எஞ்சின் ஓடினாலும் நின்னாலும் தனக்குன்னு ஆவி எடுத்துத் தானா ஓடற பம்பைக் கண்டுபிடிச்சார். பின்னாடி வந்த பெரிய பம்ப் கம்பெனிக்கே அந்தச் சின்னப் படகுதான் அஸ்திவாரம்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். எஞ்சின் பம்ப் ஒண்ணு, கைப் பம்ப் ஒண்ணு. ரெண்டும் வேணும்.

செய்யறது அப்படி ஒண்ணும் ராக்கெட் இல்லை. 8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ராடு, 10 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். சுத்துக்கு அரை சிசி, 300 சுத்துக்கு 150 மில்லி. தேவையைப் போல ரெண்டு மடங்கு. வேணும்னேதான். வால்வு கொஞ்சம் ஒழுகும், காத்து கொஞ்சம் சேரும், அதுக்கெல்லாம் சேத்து. மிச்சத்தை பைபாஸ் வால்வு வழியா டேங்குக்கே திருப்பிடலாம். ராடு மேல வர்ற சுமை வெறும் 2 கிலோ.

பாடியை கன்மெட்டல்ல போடுங்க. உறிஞ்சற வால்வு கீழே, தள்ளுற வால்வு உச்சியில. அப்பத்தான் காத்து தங்காம வெளியேறும். உள்ள வெட்டி இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பந்து ஸ்டெயின்லெஸ்தான். பழைய பேரிங்ல கழட்டினதைப் போட்டா துரு பிடிச்சு ஒழுகும். சீட்டை ரீமர் விட்டு எடுத்துட்டு, ஒரு பந்தை வச்சு சுத்தியால ஒரே ஒரு தட்டு. அந்தப் பந்தைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க. பந்து எழும்புற உயரம் ஓட்டை விட்டத்துல கால்வாசி இருந்தாப் போதும். டேங்கு பம்புக்கு மேல இருக்கட்டும். பாய்லர் வாசல்ல தனியா ஒரு என்ஆர்வி கட்டாயம். கிணத்து மோட்டார்ல ஃபுட் வால்வு ஒழுகினா என்ன பாடுன்னு விவசாயியைக் கேளுங்க. இங்க ஒழுகினா அதைவிட மோசம். அப்புறம், நம்ம ஊரு உப்புத் தண்ணியை நேரா ஊத்தாதீங்க. படியற உப்பு முதல்ல கெடுக்கறது இந்தப் பந்து வால்வைத்தான். மழைத் தண்ணி புடிச்சு வைங்க.

சிவகாசியில ஆஃப்செட் மிஷினுக்கு பார்ட்ஸ் போட்டுக் கொடுக்குற லேத்துப் பட்டறைக்காரருக்கு இதெல்லாம் அரை நாள் வேலை. என்ன செய்யணும்னு நாம படம் போட்டுக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

கைப் பம்பை ஏன் முதல்ல செய்யச் சொல்றேன்னா, பாய்லரைச் சோதிக்கற கருவியே அதுதான். பாய்லர் நிறையப் பச்சைத் தண்ணி ரொப்பி, காத்தைச் சுத்தமா வெளியேத்திட்டு, கைப் பம்பால வேலை அழுத்தத்தைப் போல ரெண்டு மடங்கு ஏத்திப் பாக்கணும். ஜாயின்ட் விட்டுச்சுன்னா தண்ணி பீச்சும், அழுத்தம் சட்டுனு இறங்கும், நீங்க துணியை நனைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். அதே ஜாயின்ட் ஆவியில விட்டா வீட்டுக்குப் போறது சந்தேகம். பம்பே இல்லாதவன் பாய்லரை எதை வச்சு சோதிச்சான்? சாமியை வச்சா?

அதனால மக்களே, அடுத்த தடவை எவனாவது பளபளன்னு பிளைவீல் சுத்தற எஞ்சினைக் காட்டினா கைதட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. தண்ணி எப்படி உள்ள போகுது? அந்த வழி அடைச்சா அடுத்த வழி எது? பதில் இல்லைன்னா அந்தப் படகுல ஏறாதீங்க. உங்க வீட்டுப் பிள்ளையையும் ஏத்தாதீங்க.

டிஸ்கி: விசிலுக்கு நான் எதிரி இல்லை. பம்ப் ரெண்டும் வேலை செஞ்சப்புறம் ஆசை தீர ஊதுங்க.