மோதிரத்துக்கு எத்தனை மாதச் சம்பளம்?

ரெங்கத்தில் என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். எட்டு மாதம் கழித்துக் கல்யாணம். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 2,800 வெள்ளி. பெண் குளுவாங்கில் வேலை பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், "மாமா, மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் போடணுமாமே, உண்மையா?" என்று கேட்டான். கைப்பேசியில் பார்த்தானாம். கணக்கும் போட்டு வைத்திருந்தான்: 5,600 வெள்ளி. கையில் இருப்பது 2,000. அதைத் தட்டுவரிசைக்கும் மண்டபத்து முன்பணத்துக்கும் வைத்துக்கொண்டு, மோதிரத்தைக் கடன் அட்டையில் வாங்கிவிடலாம் என்பது அவன் திட்டம்.

இது நகைக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி, அறிவியல் பக்கத்தில் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் உளவியல், உயிரியல், வேதியியல் மூன்றும் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து ஒரே பதிலைத்தான் தருகின்றன.

முதலில் அந்த "இரண்டு மாதம்" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது நம் முன்னோர் வழக்கம் அல்ல. நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து லயங்களில் நிச்சயம் என்றால் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தட்டு, பெரியவர்கள் முன்னிலையில் கொடுக்கும் வாக்கு. மோதிரம் மாற்றுவது பின்னால் வந்து சேர்ந்தது. இரண்டு மாதச் சம்பளம் என்பது டி பியர்ஸ் என்ற வைர நிறுவனம் 1980களில் அமெரிக்காவில் பரப்பிய விளம்பரம். வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்ற பொருளில் அதே நிறுவனத்துக்காக 1947இல் ஒரு விளம்பர வாசகத்தை எழுதியவர் பிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண்மணி. ஜப்பானில் அந்த நிறுவனம் "மூன்று மாதச் சம்பளம்" என்று சொன்னது. காதலின் அளவு நாட்டுக்கு நாடு மாறுமா? மாறியது சந்தை மட்டுமே.

அப்படியானால், விளம்பரம் என்று தெரிந்த பிறகும் அந்த எண் ஏன் நம் தலையில் உட்கார்ந்துகொள்கிறது? அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974இல் விவரித்த ஒரு சோதனை இதற்கு விடை சொல்கிறது. அவர்கள் ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். அது 10 அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் நடுத்தர மதிப்பீடு 25. 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதலில் காதில் விழுந்த எண், நங்கூரம்போல் மனத்தை ஒரே இடத்தில் கட்டிவிடுகிறது. "இரண்டு மாதம்" என்று ஒருமுறை கேட்டவன் ஒரு மாதச் சம்பளத்தில் வாங்கினால், பாதிதான் கொடுத்தோம் என்று குறைபடுவான். எதில் பாதி? கடைக்காரர் சொன்ன எண்ணில் பாதி.

இருந்தாலும், விலை அதிகமான பொருளைத் தருவதில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அமோட்ஸ் சஹாவி என்ற இஸ்ரேலிய உயிரியலாளர் 1975இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆண்மயிலின் நீண்ட தோகை அதற்குப் பாரம். அந்தப் பாரத்தைச் சுமந்தும் உயிரோடு இருப்பதே அதன் வலிமைக்குச் சாட்சி. பலவீனமான மயிலால் அதைப் போலியாகக் காட்ட முடியாது என்றார். இதன் நுணுக்கங்களில் விவாதம் இன்றும் உண்டு. ஆனால் மனிதர்களிடமும் இதைப் போன்ற ஒன்றைக் காண்கிறோம். நிச்சயம் செய்துவிட்டுக் கைவிடும் ஆண்மீது வழக்குப் போடும் உரிமையை அமெரிக்க மாநிலங்கள் 1935 முதல் ஒவ்வொன்றாக நீக்கின. அதையொட்டி நிச்சய மோதிரத்துக்கான தேவை கூடியதாக, சட்டப் பேராசிரியர் மார்கரெட் பிரினிக் 1990இல் எழுதினார். சட்டம் தராத உறுதியை மோதிரம் தந்தது.

இங்கேதான் நம் பையனின் திட்டம் தடுமாறுகிறது. தோகை சாட்சியாவது அந்த மயிலே அதைச் சுமப்பதால்தான். 5,600 வெள்ளியை ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியுள்ள கடன் அட்டையில் போட்டு, 36 மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 202 வெள்ளி. மொத்தம் சுமார் 7,290. கல்யாணத்துக்கு முன் எட்டுத் தவணை முடியும். மீதி 28 தவணை கல்யாணத்துக்குப் பிறகு. அதாவது ஏறத்தாழ 5,670 வெள்ளி. மோதிரத்தின் முழு விலையைவிடவும் அதிகமான பணம், இருவரும் சேர்ந்து வாழும் வீட்டின் பணத்திலிருந்து போகும். தனக்குப் போட்ட மோதிரத்தின் விலையை அந்தப் பெண்ணும் சேர்ந்து கட்டுவாள். மயில் இரவல் தோகை கட்டிக்கொண்டு, வாடகையைத் துணையிடம் கேட்பது போன்ற கதை இது.

அமெரிக்காவில் பொருளியலாளர்கள் ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹியூகோ மியாலன் இருவரும் மணமான 3,000க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு செய்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். நிச்சய மோதிரத்துக்கு 2,000 முதல் 4,000 டாலர் வரை செலவழித்த ஆண்களிடையே, 500 முதல் 2,000 டாலர் வரை செலவழித்தவர்களைவிட மணமுறிவு வாய்ப்பு 1.3 மடங்காக இருந்தது. மோதிரம்தான் குடும்பத்தைப் பிரித்தது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான். ஆனால் அதிகச் செலவு மணவாழ்வைக் காக்கும் என்பதற்கு அதில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

சரி, கல்லைப் பற்றி. வைரம் வெறும் கரி என்பதை ஸ்மித்சன் டென்னன்ட் 1797இல் எரித்துக் காட்டினார். பென்சிலில் இருக்கும் கிராபைட்டும் அதே கரிதான். அணுக்கள் அடுக்கப்பட்ட முறை வேறு. நாம் வாழும் அழுத்தத்தில் உண்மையில் நிலையானது கிராபைட். வைரம் அதுவாக மாறும் வேகம் கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக இருப்பதால்தான் அது "என்றென்றைக்கும்". 1954இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வைரம் செய்யப்பட்டது. இன்று ஆய்வகத்தில் வளரும் கல்லும் வேதியியல்படி வைரமேதான். 2018இல் அமெரிக்க வணிக ஆணையமும் வைரம் என்பதன் விளக்கத்திலிருந்து "இயற்கையான" என்ற சொல்லை நீக்கிவிட்டது. அதே கல், அதே ஒளி, விலை மிகக் குறைவு. அப்படியிருக்க, சுரங்கக் கல்லுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கல்லுக்கு அல்ல, கதைக்கு.

தங்கத்தின் கணக்கு வேறு. 916 முத்திரையுள்ள 4 கிராம் மோதிரத்தில் 3.66 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. செய்கூலி போனாலும், அவசரத்துக்கு அடகுக்கடையில் வைத்தால் எடைக்கு ஒரு மதிப்பு உண்டு. வைரக்கல்லைத் திரும்ப விற்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்; கொடுத்த விலை கைக்கு வராது. தோட்டத்துப் பாட்டிமார் கல்லைவிடப் பவுனை நம்பியதற்குக் காரணம் இருந்தது.

அப்படியானால் எவ்வளவு? சம்பளத்தை மாதத்தால் பெருக்குவதை விடுங்கள். கையில் உள்ள சேமிப்பிலிருந்து தொடங்குங்கள். கல்யாணச் செலவில் உங்கள் பங்கை எடுத்து வையுங்கள். மூன்று மாதக் குடும்பச் செலவுக்கு ஒதுக்குங்கள். மிஞ்சுவதுதான் மோதிரத்துக்கான பணம். ஒன்றும் மிஞ்சவில்லையா? நிச்சயத்தைத் தள்ளிப்போட வேண்டாம், மோதிரத்தைச் சின்னதாக்குங்கள். ஐந்தாம் ஆண்டு திருமண நாளில் பெரியதாக ஒன்று போடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கணக்கை அந்தப் பெண்ணிடம் காட்டுங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் பெரும்பாலும் ஆணுக்கும் அவன் வீட்டாருக்கும்தான். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இதையெல்லாம் என் உறவுக்காரப் பையனிடம் சொன்னேன். அரைமனதோடு அவளுக்குத் தொலைபேசியில் பேசினான். அவள் முதலில் கேட்டது கல்லைப் பற்றி அல்ல: "தவணை எத்தனை மாதம்?"

இப்போது 916 தங்கத்தில் மெல்லிய மோதிரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார்கள். ரொக்கத்தில்.