பிரதமர் ஒரு சொல் சொல்லட்டும்

சூடான் நாட்டைப் பற்றி நமது தமிழ்ச் சங்கத்தில் பேச வேண்டும் என்று நான் கூறியபோது, "நமக்கும் சூடானுக்கும் என்னய்யா உறவு?" என்று கேட்டனர் நண்பர் சிலர். கேள்வி தவறன்று. தமிழ்ச் சங்கம் தமிழைப் பேசும், ஈழத்தைப் பேசும், ஆப்பிரிக்க நாடொன்றின் உள்நாட்டுப் போரில் அதற்கென்ன வேலை என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், ஈழத்துக்காகக் குரல் கொடுத்தவர்கள் என்ற காரணத்தாலேயே சூடானுக்காகவும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் நாம் என்பது என் துணிபு.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், தலைநகர் கார்ட்டூமில் இரண்டு படைத்தலைவர்கள் மோதிக்கொண்டனர். ஒருவர் இராணுவத் தலைவர் புர்ஹான், மற்றவர் ஆர்.எஸ்.எஃப். எனப்படும் துணைப்படையின் தலைவர் தகலோ. ஒரு நாற்காலி இருவருக்குப் போதவில்லை. அதற்காக ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசல் இழந்தனர். 2024 ஆகஸ்டில் டார்பூர்ப் பகுதியின் சம்சம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. 'பஞ்சம்' என்ற சொல்லை வல்லுநர்கள் எளிதில் உச்சரிப்பதில்லை. குழந்தைகளில் நூற்றுக்கு முப்பது பேராவது மெலிந்து வாட வேண்டும். பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு இருவராவது மடிய வேண்டும். அதன் பிறகே அந்தச் சொல் எழுதப்படும்!

எல் ஃபாஷர் என்ற நகரத்தை ஆர்.எஸ்.எஃப். படை ஐந்நூறு நாட்களுக்கு மேல் முற்றுகையிட்டிருந்தது. உள்ளே அகப்பட்ட மக்கள் எதைத் தின்றார்கள், தெரியுமா? கடலைப் பிண்ணாக்கை. நம் ஊரில் மாட்டுக்கு ஊற வைக்கிறோமே, அதே பிண்ணாக்கைத்தான். 2025 அக்டோபர் 26ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. அங்கிருந்த மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

முற்றுகை, பசி, மருத்துவமனைக்குள் மரணம். இவற்றைப் படிக்கும் தமிழ் மாணவனுக்குப் புதுக்குடியிருப்பு நினைவுக்கு வராமல் போகுமா? 2009இல் நம்மில் பலர் சிறு குழந்தைகள். அந்த வன்னியின் கதையைப் பிறகு நாம் நூல்களில் படித்தோம், படித்துவிட்டு, "உலகம் ஏன் வாய் மூடி நின்றது?" என்று கொதித்தோம். இன்று அந்த 'உலகம்' என்ற சொல்லுக்குள் நாமும் இருக்கிறோம்.

அந்நாளில் தமிழர் வேண்டாமலா இருந்தனர்? 2008 அக்டோபரில் சென்னையில் மழையில் நனைந்தபடி மனிதச் சங்கிலி நின்றது. அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடியது. உண்ணாவிரதங்கள் நடந்தன, தீக்குளித்தவரும் உண்டு. "போரை நிறுத்துங்கள்" என்பது வேண்டுகோள். வந்த விடையோ "கவலையோடு கவனித்து வருகிறோம்" என்ற பாங்கில் அமைந்தது. இறுதி மாதங்களில் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. இதற்கு மாறாக, 1987 ஜூன் 4ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் உணவோடு சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிற்று. மறுநாள் ஐந்து இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் 25 டன் பொருளைப் போட்டன. அந்த 25 டன் எத்தனை பேருக்கு எத்தனை வேளைக்குக் காணும்? ஆனால் வடமராட்சிப் போர் நின்றது. பின்னர் அமைதிப்படை சென்ற கதை கசப்பானது. அதை நான் மறக்கவில்லை. நான் இங்கே சொல்ல வருவது ஒன்றே: பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே வரும்.

மணிமேகலையை நாம் பாடமாகப் படிக்கிறோம். சோழ மன்னன் அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, "நாட்டில் கருணை பெருகட்டும்" என்று அவள் பொதுவாகச் சொல்லிவிடவில்லை. அந்தச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரச் சொன்னாள். மன்னனால் அதற்கு மழுப்ப முடியவில்லை.

அப்படியானால், நம் பிரதமர் நரேந்திர மோடி அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது யாது? அபுதாபியோடு பேசுங்கள் என்பதே.

ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து சாட் நாட்டின் வழியாக ஆர்.எஸ்.எஃப். படைக்கு ஆயுதம் செல்கிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்று ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜனவரியில் கூறியது. அமீரகம் அதை மறுக்கிறது. மறுக்கட்டும். ஆனால் 2025 செப்டம்பரில் அமெரிக்கா, சவூதி அரேபியா, எகிப்து ஆகியவற்றோடு சேர்ந்து, மூன்று மாத மனிதாபிமானப் போர்நிறுத்தம் வேண்டும் என்று அறிக்கை விட்டதும் அதே அமீரகந்தான். அறிக்கை வந்த ஆறு வாரத்தில் எல் ஃபாஷர் வீழ்ந்தது. "நீங்கள் ஒப்பிய சொல்லை நிறைவேற்ற உங்கள் செல்வாக்கைச் செலுத்துங்கள்" என்று நண்பர் நண்பரிடம் கேட்பதில் பகை எங்கே வந்தது?

பிரதமருக்கு அந்த நட்பு உண்டு. 2019இல் அமீரகம் தன் உயரிய சயீத் விருதை அவருக்கு வழங்கியது. 2022இல் இரு நாட்டு வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு சமர்கண்டில், இது போருக்கான காலமன்று என்று ரஷ்ய அதிபரிடம் நேருக்கு நேர் சொன்னவரும் நம் பிரதமரே. புதினிடம் சொல்ல முடிந்ததை அபுதாபியில் சொல்ல முடியாதா?

நண்பர்களின் தயக்கம் எனக்குப் புரியாமலில்லை. ஸ்ரீவராகத்தில் என் வீட்டிலிருந்து மணக்காட்டிலுள்ள அமீரகத் துணைத் தூதரகம் நடந்துபோகும் தூரந்தான். எங்கள் தெருவில் வளைகுடாப் பணம் படாத வீடுகள் குறைவு. "அண்ணன் பிழைப்பில் மண் போடாதே" என்று ஒரு தோழர் என்னிடமே சொன்னார். ஒரு மாணவர் சங்கத்தின் கடிதத்தால் போய்விடக்கூடிய பிழைப்பன்று அது. மேலும், சூடானில் தோண்டும் தங்கத்தில் பெரும்பகுதி போய்ச் சேருவது அமீரகத்திற்கே. அங்கிருந்து இந்தியா ஏராளமாகத் தங்கம் வாங்குகிறது. உருக்கிய தங்கத்திற்கு ஊர்ப்பெயர் இல்லை. சாலைக் கடைத்தெருவில் தங்கைக்கு வளையல் வாங்கும் நாம், உறவே இல்லை என்று சொல்வது எங்ஙனம்?

உறவு பழையதும்கூட. 1953இல் சூடானின் முதல் தேர்தலை நடத்தித் தந்தவர் நம் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். 1955இல் பாண்டுங் மாநாட்டில் கொடியில்லாத சூடானுக்காக நேரு தம் கைக்குட்டையில் அதன் பெயரை எழுதி இடம் பிடித்துக் கொடுத்தார் என்பர். கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் தலைமைக் கட்டடத்திற்குச் சூடான் என்றே பெயர். அது அந்நாட்டார் தந்த நன்கொடையின் நினைவு. 2023இல் காவிரியின் பெயரால் நடந்த மீட்பில் 3,862 பேரைக் கூட்டி வந்தோம். நல்ல காரியம். கப்பலேற முடியாதவர்கள் துறைமுகத்துக்கு அப்பால் நின்றார்கள்.

கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் ஒரு பக்கம், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு பக்கம். கேட்பவை இரண்டே: மூன்று மாதப் போர்நிறுத்தத்திற்காக அமீரகத்தோடு பேச வேண்டும், பேசியதை நாடாளுமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அதை வாசிப்பேன். கையொப்பமிட மனமில்லாதவர்களும் வாருங்கள். வந்து, எந்த வரி தவறு என்று சொல்லுங்கள்.