வேளாண் மண்டலமும் நடவுப் பெண்களும்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் துவக்கத்தில், மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு அறிவித்த சுரங்கப் பகுதிகளுள், சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி ஆகியவற்றோடு, ஒரத்தநாடு வட்டத்து வடசேரியும் இடம்பெற்றிருக்கிறது என்ற செய்தி வந்தபோது, மேட்டூர் அணையோடு கூடவே உருவான கல்லணைக் கால்வாயின் தண்ணீரால் நஞ்சையாக மாறிய ஒரத்தநாட்டுப் பிரதேசம் முழுவதும் பெருங்கலக்கம் அடைந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 8ஆம் தேதி மூன்று பகுதிகளும் ஏலத்திலிருந்து விலக்கப்படும் என்று மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். அபாயம் இவ்வளவு விரைவில் நீங்கியது நல்லதுதான். ஆயினும், நிலக்கரி தோண்டப்பட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் ஏற்பட்டிருக்கும் என்ற கணக்கை நாம் நிதானமாகப் போட்டுப் பார்க்காமலே அந்த விஷயம் முடிந்துவிட்டது.

நிலச் சொந்தக்காரருக்குப் பட்டா இருக்கிறது. அதைக் காட்டி அவர் நஷ்டஈடு கேட்பார். அந்த நிலத்தில் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து ஜீவனம் நடத்தும் பெண்ணிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? மூன்றாண்டுகள் ஒரு நிலத்தை நம்பி உழைத்த கூலியாளும் பாதிக்கப்பட்டவரே என்று 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறது. ஆனால் கூலிக்கு ரசீதும், வரப்புக்கு வருகைப் பதிவேடும் இல்லாத தேசத்தில், அந்த மூன்றாண்டுகளை அவள் எவ்வாறு நிரூபிப்பாள்? 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும், புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும், தோல் பதனிடும் ஆலை, செம்பு உருக்காலை முதலியவற்றையும் தடை செய்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களை அது தொடவில்லை என்ற குறை இருப்பினும், அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மண்ணுக்குக் காப்பு வந்தது. அம்மண்ணில் குனிந்து நிற்பவளுக்கு உரிமை வரவில்லை.

காட்டுக்கு வந்த சட்டம் இவ்விஷயத்தில் வயலுக்கு வந்த சட்டத்தைவிட விவேகமுள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மணமான பழங்குடியினருக்கு வழங்கும் உரிமைப் பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் சேர்ந்தே பதிவாக வேண்டும் என்று விதித்ததோடு நில்லாமல், அதன் விதிகளின் மூலம் கிராமந்தோறும் அமையும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்கள் இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. நடைமுறையில் எத்தனையோ தாமதங்கள் உண்டு. எனினும், இயற்கையைப் பேணுவது வேறு, அதை நம்பி வாழும் பெண்ணுக்கு ஸ்தானம் அளிப்பது வேறு என்று அச்சட்டம் கருதவில்லை.

காவிரிச் சமவெளியில் இந்த உண்மையைச் செயலில் காட்டியவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட கொடுமைக்குப் பின், அவரும் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சையைத் தம் களமாகக் கொண்டனர். 1981இல் தொடங்கிய 'லாஃப்டி' இயக்கத்தின் மூலம், நிலம் விற்க முன்வந்த மிராசுதாரர்களோடு விலை பேசி, கடனுதவி பெற்று, ஆளுக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார் அந்த அம்மையார். நிலம் ஆண் பெயரில் இருந்தால் அது கள்ளுக்கடைக்குப் போகும் வழி குறுகியது என்பது அனுபவசாலிகள் அனைவரும் அறிந்ததே.

பின்னர் கடற்கரையோரம் இறால் பண்ணைகள் பெருகி, உப்பு நீர் வயலிலும் குடிநீர்க் கிணற்றிலும் இறங்கியபோது, அத்தம்பதியர் அதை எதிர்த்து நின்றனர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த இறால் குட்டைகளை அகற்றவும், விளைநிலங்களைக் குட்டைகளாக்குவதை நிறுத்தவும் ஆணையிட்டது. 2005இல் பாராளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் அத்தீர்ப்பின் வலிமையைப் பெரிதும் தணித்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். எனினும், நில உரிமைக்காக உழைத்தவர்களே சுற்றுச்சூழலுக்காகவும் முன்னின்றார்கள் என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. சொந்தமாக ஓர் ஏக்கர் வைத்திருப்பவளுக்கு, பக்கத்து வயலில் ஏறும் உப்பு தன் வீட்டுக் காரியம்.

இப்போது தமிழக அரசு, நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி வேளாண் தொழிலாளப் பெண்கள் நிலம் வாங்குவதற்கு, விலையில் பாதியை, ஐந்து லட்சம் ரூபாய் வரம்புக்கு உட்பட்டு, மானியமாக அளிக்கும் 'நன்னிலம்' திட்டத்தை, தாட்கோ என்னும் அரசுக் கழகத்தின் மூலம் நடத்தி வருகிறது. எண்ணம் உயர்ந்தது, ஆனால் விற்பவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அப்பெண்ணின் தலையிலேயே விழுகிறது. ஊரின் பெரிய தனக்காரர்களிடம் நேற்றுவரை கூலி வாங்கி நின்றவள், இன்று அவர்கள் வீட்டுத் திண்ணையில் சமமாக அமர்ந்து விலை பேசிவிடுவாள் என்று நம்புவதற்கு அசாத்திய கற்பனை வேண்டும். லாஃப்டி செய்த பேருதவி பணம் அன்று, அந்தப் பேரத்தைத் தானே நடத்தியதுதான்.

அந்தத் தரகு வேலையை மாவட்ட ஆட்சியர் ஏற்க வேண்டும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் குடியேறிவிட்ட சொந்தக்காரர்கள் விற்க விரும்பும் நிலங்களைப் பட்டியலிட்டு, உள்ளூர் நடவுப் பெண்களுக்கு முதல் வாய்ப்பை வழங்க வேண்டும். வேளாண் மண்டலம் பற்றி மாவட்டத்தில் எந்தக் குழு கூடினாலும், அதில் நடவுப் பெண்களுக்கு எண்ணிக்கை வரையறுத்த இடங்கள் வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. வடசேரிப் பட்டியலில் சிக்கி மீண்ட கிராமங்களிலிருந்தே தொடங்கலாம்.